பதற்றம் வேலை செய்யும் காலம்: உணர்வு மேலாண்மையும் பல்கலைக்கழகத் தேர்வும்

கேள்வி

பருவத் தேர்வு அட்டவணை வெளியானதும் கல்லூரி அரங்குகளில் வழக்கமாக ஒரு நிகழ்ச்சி நடக்கிறது. உளவியலாளர் ஒருவர் வருகிறார். மூச்சை மெல்ல இழுத்து விடக் கற்றுத்தருகிறார். தோற்றுவிடுவோம் என்ற எண்ணம் எழுந்தால் அதை எப்படி மாற்றிக்கொள்வது என்று விளக்குகிறார். நல்ல நோக்கத்தோடு நடத்தப்படும் நிகழ்ச்சிதான். ஆனால் அதன் அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது. மாணவருக்குப் பாடம் தெரியும். தேர்வறையில் எழும் பதற்றம்தான் அதை வெளிவர விடாமல் தடுக்கிறது. அந்த மூன்று மணி நேரம் மனத்தைக் கட்டுக்குள் வைத்திருந்தால் படித்ததெல்லாம் தாளில் இறங்கிவிடும் என்பதே அந்த அனுமானம்.

இது எந்த அளவுக்கு உண்மை? உணர்வுகளைக் கையாளும் விதத்துக்கும் தேர்வுப் பதற்றத்துக்கும் உள்ள உறவு எந்தக் காலத்தில், எந்த வழியாகச் செயல்படுகிறது? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த உறவின் பெரும்பகுதி தேர்வறைக்கு வெளியே, படிக்கும் மாதங்களில் நடக்கிறது. மாணவரின் பதற்றத்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடிய பல நெம்புகோல்கள் மாணவரிடம் இல்லை. தேர்வை நடத்துகிறவர்களிடம் இருக்கின்றன.

குறுக்கீட்டுக் கொள்கையின் வரலாறு

தேர்வுப் பதற்றம் தனி ஆய்வுப் பொருளானது 1952இல். யேல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மாண்ட்லரும் செய்மர் சரசனும் மாணவர்களின் பதற்றத்தை அளக்க ஒரு வினாப்பட்டியலை உருவாக்கினார்கள். 1967இல் லீபர்ட்டும் மோரிஸும் அந்தப் பதற்றத்தை இரண்டாகப் பிரித்தார்கள்: ஒன்று கவலை, அதாவது மனத்தில் ஓடும் எண்ணம்; மற்றொன்று வியர்வை, படபடப்பு போன்ற உடற்பரபரப்பு. மதிப்பெண்ணோடு அதிகம் தொடர்புள்ளது கவலைதான் என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. கை நடுங்குவது பார்ப்பவர் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது. மதிப்பெண்ணைத் தின்பது பெரும்பாலும் அதுவல்ல. 1971இல் ஜெரி வைன் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். பதறும் மாணவரின் கவனம் வினாத்தாளுக்கும் தன்னைப் பற்றிய எண்ணத்துக்கும் இடையே பிளவுபடுகிறது என்றார். குறுக்கீட்டுக் கொள்கை என்று இன்று அழைக்கப்படுவது இதுதான். மேலே சொன்ன கல்லூரி நிகழ்ச்சிகள் அறிந்தோ அறியாமலோ இதன்மேல்தான் நிற்கின்றன.

1988இல் ரே ஹெம்பிரி 562 ஆய்வுகளைத் திரட்டித் தொகுத்தார். 2018இல் வான் டெர் எம்ப்ஸியும் உடன் பணியாற்றியவர்களும் 238 ஆய்வுகளை மீண்டும் தொகுத்தார்கள். பதற்றம் கூடினால் மதிப்பெண் குறைகிறது என்பதை இரண்டும் உறுதிசெய்தன. ஆனால் அந்தத் தொடர்பின் அளவு 0.2ஐ ஒட்டியே இருக்கிறது. மாணவர்களுக்கிடையே மதிப்பெண்ணில் காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய இருபத்தைந்தில் ஒரு பங்கைத்தான் இது விளக்கும் என்பது இதன் பொருள். தேர்ச்சிக் கோட்டின் விளிம்பில் நிற்கும் மாணவருக்கு அந்தப் பங்கும் பெரிதுதான். இருந்தாலும் மேடையில் பேசப்படும் அளவுக்கு இந்த உறவு பெரிதல்ல.

கொஞ்சம் பதற்றம் இருந்தால்தான் நன்றாக எழுத முடியும் என்று சொல்லி, கவிழ்த்த கிண்ணம்போல ஒரு வளைகோட்டை வரைந்து காட்டுவதும் இங்கே வழக்கம். யெர்க்ஸும் டாட்சனும் 1908இல் வெளியிட்ட அந்த ஆய்வு எலிகளைப் பற்றியது. அவர்கள் பயன்படுத்தியது மின்னதிர்ச்சி. அதைப் பல்கலைக்கழக மாணவரின் தேர்வறைக்கு அப்படியே கொண்டுவருவது பொறுப்பான செயலாகாது.

தெரிந்தும் எழுத முடியவில்லையா?

குறுக்கீட்டுக் கொள்கைக்கு மாற்றான விளக்கமும் பழையதுதான். 1980இல் கல்லரும் ஹோலஹானும் பதற்றம் மிகுந்த முதலாண்டு மாணவர்களின் படிக்கும் முறையை ஆராய்ந்தார்கள். இவர்கள் மற்றவர்களைவிட அதிக நேரம் படித்தார்கள். ஆனால் படிக்கும் முறை பலவீனமாக இருந்தது. அப்படியானால் பதறியதால் மதிப்பெண் குறைந்ததா, பாடம் பிடிபடவில்லை என்று உள்ளுக்குள் தெரிந்ததால் பதறினார்களா? 1987இல் நவே-பெஞ்சமின், மெக்கீச்சி, லின் ஆகியோர் பதறும் மாணவர்கள் இருவகை என்று காட்டினார்கள். ஒரு வகையினர் நன்றாகப் படித்தும் தேர்வறையில் தடுமாறுகிறவர்கள். மற்றொரு வகையினர் பாடத்தை மனத்தில் சரியாக அடுக்கிக்கொள்ளாமலேயே தேர்வுக்கு வருகிறவர்கள். நவே-பெஞ்சமின் 1991இல் செய்த தொடர் ஆய்வில் முதல் வகையினருக்குப் பதற்றத்தைத் தணிக்கும் பயிற்சி உதவியது. இரண்டாம் வகையினருக்கு உதவியது படிக்கும் முறையில் பயிற்சி. எல்லோரையும் ஒரே அரங்கில் உட்காரவைத்து ஒரே மருந்து தருவது ஏன் போதாது என்பதற்கு இந்த இரண்டு ஆய்வுகளே போதும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவை நம் கல்லூரிகளை எட்டவில்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

இந்த வாதத்தை வேறு தளத்துக்குக் கொண்டுசென்றது 2022இல் வெளிவந்த ஒரு ஜெர்மானிய ஆய்வு. மரியா தியோபால்டும் உடன் ஆய்ந்தவர்களும் அரசு மருத்துவத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த 309 மாணவர்களைத் தொடர்ந்தார்கள். இம்மாணவர்கள் ஓர் இணையக் கற்றல் தளத்தில் பயிற்சி வினாக்களுக்கு விடையளித்துவந்தார்கள். எனவே தேர்வுக்கு முன்பே யாருக்கு எவ்வளவு தெரியும் என்பதை அளக்க முடிந்தது. முந்தைய ஆய்வுகள் பெரும்பாலானவற்றில் இல்லாத வசதி இது. பதற்றம் மிகுந்தவர்கள் தேர்வில் குறைவாக மதிப்பெண் பெற்றது உண்மை. ஆனால் தேர்வுக்கு முந்தைய அறிவைக் கணக்கில் சேர்த்ததும் பதற்றத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் இடையே இருந்த தொடர்பு மறைந்துவிட்டது. தயாரிப்புக் காலம் முழுவதும் அவர்களின் அறிவு மெதுவாகவே வளர்ந்திருந்தது. பதற்றம் தன் வேலையைத் தேர்வு நாளுக்கு முன்பே முடித்திருந்தது.

இந்த ஒரு ஆய்வைக் கொண்டு குறுக்கீட்டுக் கொள்கையைப் புதைத்துவிட முடியாது. இவர்கள் பல தேர்வுகளைத் தாண்டி வந்த இறுதிக்கட்ட மருத்துவ மாணவர்கள். தேர்வும் கொள்குறி வகைத் தேர்வு. பதினாறு மதிப்பெண் வினாவுக்குப் பக்கம் பக்கமாக எழுத வேண்டிய தேர்வில் கவனச்சிதறலின் விலை கூடுதலாக இருக்கலாம். இருந்தாலும், தெரிந்திருந்தும் எழுத முடியவில்லை என்ற கூற்றைச் சோதிக்காமல் ஏற்கக் கூடாது என்பதை இந்த ஆய்வு நிலைநிறுத்திவிட்டது.

கையாளாத மாணவர் இல்லை

உணர்வு மேலாண்மை பற்றிய ஆய்வுகளுக்குச் சட்டகம் தந்தவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கிராஸ். 1998இல் அவர் முன்வைத்த மாதிரியில் ஐந்து படிகள் உண்டு. சூழலைத் தேர்ந்துகொள்வது, அதை மாற்றுவது, கவனத்தைத் திருப்புவது, பொருள்கொள்ளும் விதத்தை மாற்றுவது, எழுந்துவிட்ட உணர்வின் வெளிப்பாட்டைக் கட்டுப்படுத்துவது. 2003இல் கிராஸும் ஆலிவர் ஜானும் உருவாக்கிய பத்துக் கூற்றுகள் கொண்ட அளவுகோல் இவற்றில் இரண்டை மட்டும் அளக்கிறது: நிகழ்வை வேறு கோணத்தில் பார்க்கும் மறுமதிப்பீடு, உணர்வை வெளிக்காட்டாமல் அடக்குதல். கையாள எளிதாக இருப்பதால் உலகெங்கும் கல்லூரி மாணவர்களிடம் இந்த அளவுகோலே அதிகம் கொடுக்கப்படுகிறது. விளைவாக மறுமதிப்பீடு நல்லது, அடக்குதல் கெட்டது என்ற சூத்திரம் நிலைத்துவிட்டது.

சூத்திரத்தில் உண்மை இல்லாமல் இல்லை. உணர்வை அடக்கிக்கொண்டு பார்த்த காட்சியின் விவரங்கள் நினைவில் குறைவாகத் தங்குகின்றன என்று ரிச்சர்ட்ஸும் கிராஸும் 2000இல் காட்டினார்கள். படிப்பவருக்கு இது நேரடியான இழப்பு. ஆனால் ஆல்டாவோவும் உடனாய்வாளர்களும் 2010இல் செய்த தொகுப்பாய்வு வேறொன்றையும் சொன்னது. பதற்றம் முதலிய மனநலச் சிக்கல்களோடு மிக வலுவான தொடர்பு கொண்டது, நடந்ததையும் நடக்கப்போவதையும் திரும்பத் திரும்ப அசைபோடுவதே. தவிர்த்தலும் அடக்குதலும் அடுத்து வந்தன. மறுமதிப்பீடு தரும் பாதுகாப்பு இவற்றோடு ஒப்பிட்டால் சிறியது. ஆகவே நல்ல உத்தி ஒன்றைப் புதிதாகக் கற்பதைவிட, தீங்கான உத்தி ஒன்றைக் கைவிடுவதே அதிகப் பயன் தரக்கூடும்.

தவிர்த்தலில் சற்றுத் தங்க வேண்டும். புத்தகத்தைத் திறந்தாலே வயிற்றைப் பிசைகிறது; மூடிவைத்துவிட்டுக் கைபேசியை எடுத்தால் அந்த நொடியே நிம்மதி வருகிறது. நாளை பார்த்துக்கொள்ளலாம் என்ற முடிவு சோம்பலாகத் தெரிகிறது. ஃபூஷியா சிரோவாவும் திமத்தி பிச்சிலும் 2013இல் எழுதிய கட்டுரையில் தள்ளிப்போடுதலை நேர மேலாண்மையின் தோல்வி என்று பார்க்கவில்லை. உடனடி மனநிலையைச் சரிசெய்துகொள்ளும் முயற்சி என்று விளக்கினார்கள். அந்த முயற்சி அப்போதைக்கு வெற்றி பெறுகிறது, அதனாலேயே பழக்கமாகிறது. இந்தப் பார்வையை ஏற்றால் ஒன்று தெளிவாகிறது. உணர்வைக் கையாளத் தெரியாத மாணவர் என்று எவரும் இல்லை. எல்லோரும் கையாண்டுகொண்டுதான் இருக்கிறார்கள். சிலருடைய வழி இன்றைய அமைதிக்கு விலையாகத் தேர்வு மாதத்தைக் கேட்கிறது.

கடினமாகப் படிக்கும் மாணவரிடமும் இது வேறு வடிவில் இருக்கிறது. குறிப்பேட்டை மூன்றாம் முறை, நான்காம் முறை படிப்பது ஆறுதலானது. வரிகள் பழகிவிட்டதால் தெரிந்துவிட்டது போலத் தோன்றுகிறது. மூடிவைத்துவிட்டு வெற்றுத்தாளில் எழுதிப் பார்ப்பது அச்சம் தருவது. தெரியாதது உடனே வெளியாகிவிடும். ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் செய்த சோதனையில், படித்த ஐந்து நிமிடத்தில் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். இரண்டு நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் கேட்டபோது நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். பதறும் மாணவர் இயல்பாகவே ஆறுதலான வழியைத் தேர்கிறார். அதிக நேரம் படித்தும் பலவீனமாக இருந்த கல்லர், ஹோலஹான் ஆய்வின் மாணவர்களை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். இது என் விளக்கம். இதையே நேராகச் சோதித்த நீண்டகால ஆய்வுகள் நமக்குத் தேவை.

எந்தக் கட்டத்தில் எந்த உத்தி

தேர்வு ஒரே நிகழ்வல்ல. ஃபோக்மனும் லாசரஸும் 1985இல் ஒரு கல்லூரித் தேர்வை மூன்று கட்டமாகப் பிரித்து ஆராய்ந்தார்கள்: தேர்வுக்கு முன், தேர்வு முடிந்து முடிவுக்குக் காத்திருக்கும்போது, மதிப்பெண் தெரிந்த பின். கட்டம் மாற மாற மாணவர்களின் உணர்வும் உத்தியும் மாறின. தேர்வுக்கு முன் சிக்கலை நேரடியாகத் தீர்க்கும் முயற்சிகள் மேலோங்கின. காத்திருக்கும்போது விலகி நின்று மறக்கும் முயற்சி கூடியது. உணர்வு மேலாண்மையை நிலையான குணமாக ஒரே வினாப்பட்டியலில் அளந்துவிடும் ஆய்வுகள் இந்த அசைவைத் தவறவிடுகின்றன.

2013இல் ட்ராய், ஷால்கிராஸ், மாஸ் ஆகியோர் இதை மேலும் கூர்மையாக்கினார்கள். தன் கையில் இல்லாத நெருக்கடியில் மறுமதிப்பீடு மனச்சோர்வைக் குறைத்தது. தன் முயற்சியால் மாற்றக்கூடிய நெருக்கடியில் அதே திறன் மனச்சோர்வைக் கூட்டுவதோடு தொடர்பு கொண்டிருந்தது. செயலால் மாற்ற வேண்டியதை எண்ணத்தால் மட்டும் மாற்றினால் சிக்கல் அப்படியே நிற்கிறது. தேர்வுக்கு எட்டு வாரம் இருக்கும்போது, மதிப்பெண்தான் வாழ்க்கையா என்று ஒரு மாணவர் தன்னைத் தேற்றிக்கொள்வது தப்பித்தலாகிவிடலாம். அதே எண்ணம் தேர்வு எழுதி முடித்த மாலையில் மிக நல்ல மருந்து.

காத்திருத்தலைப் பற்றி கேட் ஸ்வீனியின் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வு ஆழமானது. கலிஃபோர்னியாவில் வழக்கறிஞர் தகுதித் தேர்வு எழுதிவிட்டு நான்கு மாதம் முடிவுக்குக் காத்திருந்த 230 சட்டப் பட்டதாரிகள் கையாண்ட உத்திகள் அவர்களின் தவிப்பைப் பெரிதாகக் குறைக்கவில்லை. தவிப்போடு காத்திருந்தவர்களே முடிவு வந்தபோது கெட்ட செய்தியைத் தாங்கவும் நல்ல செய்தியை மகிழ்ந்து ஏற்கவும் முடிந்தவர்களாக இருந்தார்கள். எல்லாப் பதற்றத்தையும் களைய வேண்டிய நோயாகப் பார்ப்பது தவறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று நான் படித்ததில்லை.

குறுகிய பயிற்சிகளின் கதை

தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தன் கவலைகளைத் தாளில் கொட்டியவர்கள் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள் என்று ராமிரெஸும் பெய்லாக்கும் 2011இல் 'சயன்ஸ்' இதழில் எழுதியபோது அது உலகெங்கும் செய்தியானது. இன்றும் மேடைகளில் சொல்லப்படுகிறது. ஆனால் 'நேச்சர்', 'சயன்ஸ்' இதழ்களில் வந்த 21 சமூக அறிவியல் சோதனைகளை வேறு ஆய்வாளர்கள் பெரிய மாதிரிகளோடு திரும்பச் செய்து முடிவுகளை 2018இல் வெளியிட்டார்கள். 13 சோதனைகளில் பழைய முடிவு மீண்டும் கிடைத்தது. கிடைக்காத எட்டில் இந்தப் பத்து நிமிட எழுத்தும் ஒன்று. மேடைகளில் இந்தப் பிற்பகுதி சொல்லப்படுவதில்லை.

படபடப்பு உதவத்தான் செய்யும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள் கணித வினாக்களில் நன்றாகச் செய்தார்கள் என்ற ஜேமிசன் குழுவின் 2010ஆம் ஆண்டு முடிவு நம்பிக்கையளிக்கிறது. ஆனால் மாதிரி சிறியது. இதைச் செய்து பார்ப்பதில் தீங்கில்லை. கொள்கை வகுக்க இது போதாது.

தமிழ்நாட்டு மாணவர்

இதுவரை சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்தவை. நம் மாணவரின் சூழல் வேறு. உயர்கல்விச் சேர்க்கை விகிதத்தில் 2021-22ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் சராசரி 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47. இந்தப் பெருமைக்குப் பின்னால் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் ஏராளம். பெக்ரூன் 2006இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, விளைவு மிக முக்கியமானதாகவும் அதன்மீது தன் பிடி உறுதியற்றதாகவும் தோன்றும்போது பதற்றம் எழுகிறது. நகையை அடகுவைத்துக் கட்டணம் கட்டிய வீட்டின் முதல் பட்டதாரிக்கு விளைவின் முக்கியத்துவத்தைக் குறைத்துக்கொள் என்று அறிவுரை சொல்வது பொருந்தாது. அந்த முக்கியத்துவம் கற்பனையல்ல. மாற்றக்கூடியது பிடி மட்டுமே.

பிடியைத் தளர்த்துபவை எவை? பன்னிரண்டு ஆண்டுகள் தமிழில் படித்துவிட்டு முதல் பருவத்திலேயே பொறியியலை ஆங்கிலத்தில் எழுத வேண்டிய நிலை அவற்றில் முதன்மையானது. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. மற்றப் பிரிவு மாணவர்களில் பெரும்பாலோருக்கு மொழிச்சுமை தொடர்கிறது. அடுத்தது அரியர். ஒரு பாடத்தில் தவறினால் அது அடுத்த பருவத்தின் பாடங்களோடு சேர்ந்துகொள்கிறது. படிக்கும் நேரம் குறைகிறது. மீண்டும் தவற வாய்ப்புக் கூடுகிறது. நான்கைந்து அரியர் சேர்ந்த மாணவரிடம் காணப்படும் அலட்சியத்தை, பதற்றத்திலிருந்து தப்ப அவர் கண்ட கடைசி வழியாகவே நான் பார்க்கிறேன்.

அடக்குதலையும் இங்கே வேறாகப் படிக்க வேண்டும். விடுதியிலிருந்து தொலைபேசியில் பேசும் மகள், "பரீட்சை எப்படிம்மா எழுதின?" என்று அம்மா கேட்டால், "நல்லா எழுதியிருக்கேம்மா" என்கிறாள். அம்மா வருந்தக் கூடாது என்பதற்காக மறைக்கிறாள். ஆசியப் பண்பாட்டு மதிப்பீடுகளைக் கொண்டவர்களிடம் அடக்குதலின் சமூகத் தீங்கு குறைவு என்று பட்லர், லீ, கிராஸ் மூவரும் 2007இல் காட்டியது இந்த இடத்தில் நினைக்கத்தக்கது. மறைப்பதையே குறையாக எண்ணிவிட வேண்டாம். மறைக்காமல் பேச வேறொருவர் அவளுக்கு இருக்கிறாரா என்பதே கேட்க வேண்டியது.

கிராஸின் மாதிரியில் முதல் இரண்டு படிகள் சூழலைப் பற்றியவை என்பதை இங்கே நினைவுகொள்வோம். தேர்வுச் சூழலைத் தேர்வதும் மாற்றுவதும் மாணவரால் ஆகாது. நிர்வாகத்தால் ஆகும். இதற்குப் பள்ளிக் கல்வியில் நம்மிடமே முன்னுதாரணம் இருக்கிறது. பிளஸ் டூவில் தவறியவர் ஓராண்டு காத்திராமல் சில வாரங்களில் துணைத் தேர்வு எழுதி அந்த ஆண்டே கல்லூரியில் சேரலாம் என்ற ஏற்பாடு, தோல்வியின் பொருளையே மாற்றியது. சென்னையில் 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகா இதற்காகக் குரல் கொடுத்தது. 2017இல் தமிழ்நாடு அரசு பொதுத்தேர்வுகளில் மாநில முதலிடங்களை அறிவிப்பதை நிறுத்தியதும் இதே திசையில் எடுத்த நடவடிக்கை. எந்த மாணவரும் மூச்சுப் பயிற்சி செய்யாமலேயே லட்சக்கணக்கானவர்களின் பதற்றத்தைத் தொட்ட முடிவுகள் இவை.

சான்றின் எல்லை

உணர்வு மேலாண்மையையும் தேர்வுப் பதற்றத்தையும் இணைக்கும் ஆய்வுகளில் மிகப்பல ஒரே நாளில், ஒரே மாணவரிடம், இரண்டு வினாப்பட்டியல்களைக் கொடுத்து எடுத்தவை. அசைபோடுதலை அளக்கும் கூற்றும் கவலையை அளக்கும் கூற்றும் ஏறக்குறைய ஒன்றையே கேட்கும்போது, இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில் வியப்பில்லை. எது காரணம், எது விளைவு என்பதும் அதில் தெரியாது. நம் பல்கலைக்கழகங்களில் கல்வியியல், உளவியல் துறைகளில் எழுதப்படும் ஆய்வேடுகள் இந்த வடிவத்தையே திரும்பச் செய்வதை விட்டுவிட்டு, ஒரு பருவம் முழுவதும் அதே மாணவர்களை வாரந்தோறும் தொடர்ந்து, அவர்கள் எப்படிப் படித்தார்கள் என்பதையும் சேர்த்துப் பதிவுசெய்தால் தமிழ்ச் சூழலிலிருந்து உலகுக்குப் புதிய சான்று கிடைக்கும்.

அதுவரை காத்திராமல் செய்யக்கூடியவை உண்டு. பருவத்தின் மூன்றாம் வாரத்திலிருந்தே மதிப்பெண் இல்லாத சிறு தேர்வுகளை வகுப்பிலேயே வைக்கலாம். நினைவிலிருந்து எழுதிப் பார்க்கும் இத்தகைய பயிற்சிக்குப் பின் தேர்வு அச்சம் குறைந்ததாக அகர்வாலும் உடனாய்வாளர்களும் 2014இல் கேட்ட 1,408 பள்ளி மாணவர்களில் 72 சதவீதத்தினர் சொன்னார்கள். அரியர் தேர்வை அடுத்த பருவத்தின் பாடங்களோடு மோதாதபடி விடுமுறையிலேயே நடத்தலாம். முடிவு வெளியாகும் நாளை முன்கூட்டி அறிவித்து, அந்த நாளைக் காப்பாற்றலாம். முடிவு வரும் வாரத்தில் விடுதிகளில் ஆலோசகர் இருக்கச் செய்யலாம். இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பேசும் டெலி-மானஸ் உதவி எண் 14416ஐ ஹால் டிக்கெட்டிலேயே அச்சிடலாம். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்களும் துறைத் தலைவர்களும் அடுத்த பருவத்தின் நாட்காட்டியைத் தயாரிக்க உட்காரும்போது, மாணவர் நலம் என்ற தலைப்பில் தேர்வு வாரத்துக்கு முன் ஒதுக்கும் அந்த அரை நாளை மூன்றாம் வாரத்துக்கு மாற்றி எழுதுங்கள்.